காடு வெட்டியவன் கணக்கு

ஆறாம் ஆண்டு படிக்கும்போது மாநில அளவிலான பேச்சுப்போட்டி ஒன்றில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆசிரியர் எழுதிக்கொடுத்த உரையில் ‘காட்டை அழித்து நாட்டை உருவாக்கியவர்கள் நம் முன்னோர்’ என்ற வரி மூன்று இடங்களில் வரும். மூன்றாவது முறை கையை உயர்த்த வேண்டும். மலேசியாவில் தமிழ் படித்த யாரும் இந்த வரிக்குத் தப்பியிருக்க முடியாது. தேர்தல் மேடை, பள்ளி விளையாட்டுப் போட்டி, கல்யாண வாழ்த்துரை எதையும் அது விட்டுவைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டிக்கு முழுப் பேச்சையும் பேசிக் காட்டினேன். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காட்ட அழிச்சோம், சரிடா. காட்டுல இருந்தவங்க எங்க போனாங்க?” என்றார்.

பாட்டி சிறுமியாக இருந்தபோது தெமுவான் பூர்வகுடிகள் காட்டோரத்திலிருந்து பெத்தாயும் பிரம்பும் கொண்டுவந்து, உப்புக்கும் கருவாட்டுக்கும் மாற்றிக்கொண்டு போவார்களாம். அவர்களைக் குறிக்கத் தோட்டத்தில் ஓர் இழிசொல் உண்டு. பாட்டியும் அதைத்தான் சொன்னார். புது நடவுக்காக மேட்டுக்காட்டை அழித்த பிறகு அவர்கள் வரவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வருடம் அதே பேச்சை வேறொரு போட்டியில் பேசினேன். கேள்வி மறந்துபோயிருந்தது.

திரும்ப ஞாபகம் வந்தது சித்தப்பாவின் கணக்கைப் போட்டுக் கொடுத்தபோதுதான். அதே தோட்டத்தில் 26 வருடம் வேலை செய்தவர். தோட்டம் கைமாறியது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், நடந்தது எங்கும் நடப்பதுதான். 1980-ஆம் ஆண்டின் ஆள்குறைப்பு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 26 பெருக்கல் 20, ஆக 520 நாள். பொறியாளன் என்பதால் கணக்கில் தவறு இருக்காது என்று சித்தப்பா என்னிடம் காகிதத்தைக் கொடுத்திருந்தார். தவறு இல்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தில் கொள்ளுத்தாத்தா இல்லை, பாட்டி இல்லை, லயத்துக்குப் பின்னால் அவர்கள் வைத்த மரங்கள் இல்லை. ஒருவர் ஒரு நிலத்தின் மேல் மூன்று தலைமுறையாக வாழ்ந்தார் என்பதை எழுத அதில் கட்டமே இல்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் பேச்சுப்போட்டிக் கோபம்தான். நாங்கள் உழைத்தோம், ஆகவே எங்களுக்குப் பங்கு உண்டு. இந்த வாதத்தின் மூலத்தைத் தேடிப் போனால் ஜான் லாக் வந்து நிற்கிறார். 1689-இல் வெளிவந்த அவருடைய நூலில் சொத்து பற்றிய வாதம், உலகம் முதலில் மனிதர் அனைவருக்கும் பொதுவாகத் தரப்பட்டது என்று தொடங்குகிறது. அந்தப் பொதுவில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அந்தப் பகுதி அவனுடையதாகிறது. நமக்காகவே எழுதியது போல இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. சில பத்திகள் தள்ளி அவரே உதாரணம் சொல்கிறார். பொது நிலத்தில் என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்தரையும் என்னுடைய சொத்து. வேலைக்காரனுடையது அல்ல. குதிரைக்கும் அவனுக்கும் ஒரே வாக்கியத்தில் இடம். உழைப்பே உரிமை என்று பெரிதாகச் சொன்ன முதல் வாதத்திலேயே கூலிக்கு வெட்டியவன் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டான்.

மலாக்காவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கச் சிரமப்பட வேண்டியதில்லை. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் பாபா குடும்பத்தைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் அளவில் தொடங்கினார். அது வெற்றி பெறவே புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தார். சில ஆண்டுகளில் அந்தச் சொத்து இருபது லட்சம் வெள்ளிக்கு மேலான விலையில் லண்டன் கைக்குப் போனது. ரப்பர் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு, அது நியாயமும்கூட. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி ரப்பர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தபோது பெரும்பாலானோர் சிரித்தார்கள். இவர் நட்டார். ஆனால் ‘நட்டார்’ என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். வரலாற்றுப் புத்தகங்களில் டான் சே யான் நடுகிறார். குழி தோண்டிய கைகளுக்கு எழுவாய் கிடையாது.

மரமே யாருடையது என்பது இன்னொரு தலைவலி. 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். அங்கே முளைத்தவை சில ஆயிரம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். பிரேசிலில் விக்காமை இன்றும் திருடன் என்பவர்கள் உண்டு. ஆங்கிலேயர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். விதை உலகத்துக்குப் பொது, ஆகவே எடுத்து வரலாம். அதிலிருந்து வளர்ந்த மரம் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம், அதன் கோட்டுப்பாலை ஒரு தொழிலாளி மடியில் கட்டிக்கொண்டு போனால் திருட்டு.

‘உலகம் எல்லோருக்கும் பொது’ என்ற வாதத்தின் நவீன வடிவம் பிறந்ததும் மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கப்பலால்தான் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். நம் வரலாற்றுப் பாடத்தில் போர்த்துக்கீசியர் 1511, டச்சுக்காரர் 1641, ஆங்கிலேயர் 1824 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம். 1603 அதில் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், மக்காவ்விலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துக்கீசியக் கப்பலை, டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் ஜொகூரின் உதவியோடு சிங்கப்பூருக்குக் கிழக்கே கைப்பற்றினார். பட்டு, பீங்கான் உள்ளிட்ட அதன் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. இது கொள்ளையா, போரில் கிடைத்த நியாயமான பொருளா? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாதகமாக எழுத ஓர் இளம் வழக்கறிஞரைப் பிடித்தார்கள். ஹியூகோ குரோஷியஸ், எழுதத் தொடங்கியபோது வயது 21. (அந்த வயதில் நான் துருப்பிடித்த வால்வுகளைப் பற்றிப் பயிற்சி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.)

அந்தக் கையெழுத்துப் படியின் ஒரு பகுதி 1609-இல் ‘கட்டற்ற கடல்’ என்ற பொருள்படும் லத்தீன் தலைப்பில், ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. அதன் சாரம் இது. ஆதியில் எல்லாம் எல்லோருக்கும் பொது. கைக்கொண்டு வேலி போடக்கூடியது தனிச்சொத்தாகலாம். கடலையும் காற்றையும் யாராலும் அப்படிக் கைக்கொள்ள முடியாது, ஆகவே கிழக்கின் கடல் போர்த்துக்கீசியருக்கு மட்டும் சொந்தமில்லை. அழகான வாதம். 1641-இல் மலாக்காவைப் பிடித்ததும் அதே டச்சுக்காரர் என்ன செய்தார்கள்? நீரிணையில் போகும் கப்பல்கள் தங்களிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், மலாக்காவில் நின்று வரி கட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 1615-இல், மக்காசாரின் சுல்தான் அலாவுதீன் அவர்களுக்கு ஒரு பதில் சொல்லியிருந்தார். கடவுள் நிலத்தை மனிதருக்குள் பிரித்தார், கடலைப் பொதுவாகக் கொடுத்தார், கடலில் போகாதே என்று ஒருவருக்குத் தடை விதித்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை என்ற பொருளில். குரோஷியஸின் வாதத்தை குரோஷியஸின் முதலாளிகளிடமே திருப்பிச் சொன்னார். அவரைப் பற்றி யாராவது தமிழில் ஒரு நாவல் எழுதலாம்.

இதைப் படித்தபோது ‘எல்லோருக்கும் பொது’ என்பதே பலசாலி அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறக்கப் பயன்படுத்தும் சாவி என்று தோன்றி, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட முடியாமல் செய்தது குரோஷியஸின் பிந்தைய நூல். 1625-இல் எழுதிய போர், அமைதி பற்றிய அந்தப் பெரிய புத்தகத்தில், தனிச்சொத்து ஏற்பட்ட பிறகும் அந்த ஆதிப் பொது உரிமை செத்துப்போவதில்லை என்கிறார். உயிர்போகும் தேவை வரும்போது அது திரும்பி எழுகிறது. அப்போது அடுத்தவன் பொருளை எடுப்பவன் திருடனல்லன். அது தர்மமும் அல்ல. முன்பிருந்தே இருந்த உரிமை.

ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை இந்த வரிகளோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். துரைமார்கள் ஓடிவிட்டார்கள், ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. தோட்டத்து மக்கள் கம்பெனி நிலத்தில் மரவள்ளிக்கிழங்கு நட்டு உயிர் பிழைத்தார்கள். யாரிடம் கேட்டு நட்டார்கள்? 1945-க்குப் பிறகு கம்பெனிகள் திரும்பி வந்தன. நிலம் பழையபடி கம்பெனி நிலமானது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

நிலம் எப்படிக் ‘கம்பெனி நிலம்’ ஆனது என்பதற்கு மலாக்காவில் ஒரு முன்கதை உண்டு. மலாக்காவின் பழைய சட்டத் தொகுப்பு நிலத்தை உயிருள்ள நிலம், செத்த நிலம் என்று பிரித்தது. பயிரோ குடியிருப்போ இருக்கும் தடயம் உள்ளது உயிருள்ள நிலம். காடு செத்த நிலம், வெட்டிப் பயிர்செய்பவன் அதற்கு உயிர் கொடுக்கிறான். லாக்கின் வாதமே ஏறக்குறைய இங்கே வேறு மொழியில் முன்பே இருந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் தெமுவான் மக்களுக்கு அதுதான் உயிருள்ள நிலம்.

டச்சுக்காரர் தங்கள் குடிமக்கள் சிலருக்குப் பெரும் நிலப்பகுதிகளில் விளைச்சலில் பத்தில் ஒன்று வசூலிக்கும் உரிமையைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1828 வாக்கில் அந்த உரிமையைத் திரும்பப் பெற்று, பத்தில் ஒன்றைத் தாங்களே வாங்க முனைந்தார்கள். இன்றைய அலோர் காஜா பகுதியிலிருந்த நானிங் அதுவரை ஆண்டுக்கு 400 காந்தாங் நெல்லை அடையாளக் கப்பமாகச் செலுத்தி வந்தது. அங்கும் பத்தில் ஒன்று கேட்டார்கள். பெங்ஹுலு டோல் சைட் மறுத்தார். 1831-இல் போன படை தோற்றுத் திரும்பியது, 1832-இல் பெரிய படை போய் அடக்கியது. கிடைக்கக்கூடிய வரியைவிடப் பல மடங்கு செலவு. வந்த படைகளில் இருந்தவர்கள் மதராஸ் சிப்பாய்கள். மலாக்கா கிராமத்தில் நிலத்துக்காக எழுந்த முதல் பெரிய சண்டையில் நம் மொழி பேசியவர்கள் நின்ற பக்கம் அது. பேச்சுப்போட்டி உரையில் இதற்கும் இடம் இருந்ததில்லை.

நகரத்துத் தமிழர் கதை வேறு. மலாக்கா செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. தலைவரின் பெயரில் கிடைத்த அந்த நிலத்தில் கோயில் இன்னும் நிற்கிறது. தோட்டத்துக் காளியம்மன் கோயில்கள் எத்தனை இடம் மாறியிருக்கின்றன என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. விலையைத் தூக்க ஆங்கில ஆட்சி மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் வர்த்தக அமைச்சர் ஹூவர் கொதித்தார், உலகுக்குத் தேவையான ஒரு பொருளை ஓர் அரசு இப்படிப் பிடித்து வைக்கலாமா என்று. ஃபோர்டு அமேசானில் சொந்தமாக ரப்பர் நகரமே கட்டப் போனார். ஆக, டயர் வாங்குபவனுக்கு உலக ரப்பரில் ஒரு நியாயமான உரிமை உண்டு என்று வல்லரசு வாதாடியிருக்கிறது. அதே ரப்பரை வெட்டியவனுக்கு உண்டா என்ற கேள்வி அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்தாருக்கும் எழவில்லை. 1930-களின் மந்தத்தில் சம்பளம் வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். மரம் இருந்தது, வெட்டுகிறவன் தேவைப்படவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது தோட்டத் துண்டாடல். ஐரோப்பியக் கம்பெனிகள் விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தார்கள். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து 1962-இல் அறிக்கை அளித்தார். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டி, விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தாங்களே வாங்குவது. முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். நம் சமூகம் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று இது என்றே நினைக்கிறேன். கூடவே ஓர் உறுத்தலும் உண்டு. தாத்தன் உருவாக்கிய தோட்டத்தைப் பேரன் சந்தை விலை கொடுத்து வாங்கினான். அதே காலத்தில், 1956-இல் தொடங்கிய ஃபெல்டா, நிலமற்றவர்களுக்குக் காட்டை வெட்டித் தலைக்குச் சுமார் பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ கொடுத்துக்கொண்டிருந்தது. நிலமற்ற மனிதனுக்கு நிலத்தில் பங்கு உண்டு என்ற கொள்கை இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. குடியேற்றக்காரர்களில் இந்தியர் மிகக் குறைவு.

1967-இல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள், வேலைநீக்கத்தை எதிர்த்து, கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். அசகானிலிருந்து தலைநகர் சுமார் நூறு மைல். டான் சே யான் ‘நட்ட’ அதே அசகான். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில், மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐநா சபையில் எழுந்து, ஆழ்கடல் தரையும் அதன் கனிமங்களும் மனிதகுலம் முழுமைக்குமான பொதுச்சொத்து என்று அறிவிக்க வேண்டும் என்று நீண்ட உரை ஆற்றினார். 1982-இன் கடல் சட்ட உடன்படிக்கையில் அது இடம்பெற்றது. இன்று ஜமைக்காவில் அதற்கென ஓர் ஆணையமே இருக்கிறது. கடலுக்கு அடியில் யாரும் போகாத நிலத்தில் எனக்கும் உங்களுக்கும் சட்டப்படி பங்கு இருக்கிறது. காண்டாவில் வாளி மாட்டித் தூக்கி நடந்த நிலத்தில் பாட்டிக்கு இல்லை.

இதையெல்லாம் ஒருநாள் தோட்டப் போராட்டங்களில் பல வருடம் அலைந்த அண்ணன் ஒருவரிடம் டூரியான் துங்காலில் ஒரு கடையில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தேன். உழைப்பைக் காட்டிப் பங்கு கேட்டால் லாக்கின் வேலைக்காரன் கதிதான், தெமுவான்களையும் நாமே அழித்தவர்களாகிறோம், அதனால் மனிதனாகப் பிறந்த எல்லோருக்கும் நிலத்தில் பங்கு உண்டு என்ற இடத்திலிருந்துதான் கேட்க வேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “எல்லாருக்கும் பங்குன்னா, லயத்துல இருக்குற நாப்பது குடும்பத்துக்கு வீடு கேக்கும்போது மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? உலகம் பொதுன்னு சொல்லவா? அவன் சிரிப்பான் தம்பி. முப்பது வருசம் வேல செஞ்சாங்கன்னு சொன்னாதான் உக்கார வச்சுப் பேசுவான்.”

அவர் சொன்னது உண்மை. இரவெல்லாம் யோசித்து எனக்கு வந்த பதில் அரைகுறையானது. தாமஸ் பெயின் 1797-இல் எழுதிய சிறு நூலில், நிலத்தை வேலியிட்டு வைத்திருப்பவன் மற்ற எல்லோருக்கும் ஒரு வாடகை கடன்பட்டிருக்கிறான் என்றார். அதிலிருந்து 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுன், 50 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 பவுன். ஏழைகளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும், ஏனென்றால் அது பிச்சையில்லை என்றார். பங்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு மனிதனாக இருப்பதே போதும். அந்தப் பங்கு எந்த இடத்தில், எந்த வடிவத்தில், யாருக்கு முதலில் என்பதற்குத்தான் குடியிருப்பும் உழைப்பும் சாட்சி. நாம் சாட்சியையே உரிமை என்று நினைத்துப் பேசி வந்திருக்கிறோம். அதனால்தான் வேலை முடிந்ததும் உரிமையும் முடிந்தது, 520 நாளோடு.

சாட்சியை நீதிமன்றம் ஏற்ற ஒரு வழக்கு இங்கேயே உண்டு. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டிங்கிலில் 1990-களில் தெமுவான் குடும்பங்களின் நிலத்தை எடுத்தபோது, வீட்டுக்கும் மரங்களுக்கும் மட்டுமே பணம் கொடுத்தார்கள். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், காகிதம் இல்லாவிட்டாலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் அவர்களுடையது, நிலத்துக்கும் இழப்பீடு கொடு என்றன. இந்தத் தீர்ப்பு நம் பத்திரிகைகளில் நம் செய்தியாகப் பேசப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பாட்டியிடம் பெத்தாய் விற்றவர்களின் உறவுக்காரர்கள் வென்ற வழக்கு. நமக்கு அது பூர்வகுடி உரிமையாகக் கிடைக்காது, கேட்கவும் கூடாது. ஆனால் வாழ்ந்ததே சாட்சி என்று அந்த நீதிபதிகள் சொன்னதை லயத்து மக்களும் எடுத்துப் போகலாம். அண்ணனிடம் இதை வாட்சாப்பில் எழுதினேன். “மேனேஜர்கிட்ட சொல்லிப் பாக்குறேன்” என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். இரண்டு லயங்களை இடித்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள், குத்தகையாளர் கொண்டுவந்த வங்காளதேசத் தொழிலாளர்களுக்காக. அவர்களுடைய பெர்மிட் முடிந்தால் அவர்களும் கிளம்ப வேண்டும், ஆண்டுக்கு 20 நாள் கணக்குகூட அவர்கள் கைக்கு எந்த அளவு வருமோ. பாட்டி வீட்டுப் பின்புறம் மிளகாயும் கீரையும் ஒழுங்காகப் பாத்தி கட்டி நட்டிருந்தது. பாட்டி வைத்த முருங்கை ஓரத்தில் நின்றது, காய்ப்போடு. கைலி கட்டிய ஒருவர் வெளியே வந்து என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடைந்த மலாயில், இது உங்கள் மரமா, நாங்கள் காய் பறித்துக்கொண்டிருக்கிறோமே என்று கேட்டார். எங்கள் பாட்டி நட்டது என்றேன். அவர் ஊரில் இதை ‘சொஜ்னே’ என்பார்களாம். உள்ளே போய்ச் செம்பனை மட்டை வெட்டும் நீளக் கத்தியை எடுத்து வந்து, உச்சிக் கிளையிலிருந்து நல்ல காய்களாகப் பார்த்து அறுத்துப் போட்டார். சித்தப்பா கீழே நின்று பொறுக்கினார். எண்ணிப் பார்க்காமல் இரண்டு கட்டாகக் கட்டி, ஒன்றை எங்கள் காரில் வைத்தார்.